பூட்லோடரும் ரூட் பிரிவும்

(கல்விக் கழக வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இத்தகைய விழாக்களில் பேசுவோர் பெரும்பாலும் கல்வியின் சிறப்பினை எடுத்துரைப்பர். அது சொல்லப்பட வேண்டியதே. ஆயினும் கல்வி வேண்டும் என்பதை இவ்வரங்கில் அமர்ந்திருப்போர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கல்வி, எவ்வளவு ஆழத்தில் என்பதே இன்று நம் பிள்ளைகளின் முன் நிற்கும் வினாவாகும். ஆதலின், சிறு செய்தி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் அடிவரை சென்று காண விழைகிறோம். ஒரு கருவிக்கு மின்சாரம் கொடுத்தவுடன், அது தன் நினைவகத்தின் எந்தப் பிரிவிலிருந்து எழ வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்? அதனை நாம் எவ்வாறு முடிவு செய்விப்பது? இதுவே இன்றைய பொருள்.

நாம் பெற்ற பட்டங்கள் பி.ஏ., பி.எட். என்பனவே, பொறியியல் கல்லூரியில் நாம் பயின்றதில்லை. பள்ளிக்கு வந்து சேர்ந்த சிறு கணிப்பலகையை மாணவர்களோடு அமர்ந்து இயக்கியும், கையேடுகளைப் படித்தும் கற்றவற்றையே இங்குக் கூறுகிறோம். பொறுமையாகப் படிப்போர் எவர்க்கும் இப்பொருள் வசப்படும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

கண்ணுக்குத் தெரியாத கணினிகள்

கணினி என்றவுடன் திரையும் தட்டச்சுப் பலகையும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் வீட்டு மூலையில் விளக்கு மின்னிக்கொண்டிருக்கும் வைஃபை ரூட்டரும், தொலைக்காட்சிக்கு அடியில் இருக்கும் செட்டாப் பெட்டியும் கணினிகளே. இவற்றுள் பலவற்றின் உள்ளே இயங்குவது லினக்ஸ் என்னும் இயங்குதளம். பின்லாந்து நாட்டு மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு தொடங்கி வைத்த கெர்னலே அதன் உயிர்நாடி. ஒரு கருவிக்குள் பதிந்து, அக்கருவியின் பணியை மட்டும் செய்யும் லினக்ஸை எம்பெடட் லினக்ஸ் என்பர்.

நம் இளைஞர்கள் பலர் இக்கருவிகளைச் சுமந்து சென்று வீடுதோறும் பொருத்தும் பணியில் இருக்கின்றனர். கருவி எழவில்லையெனில் பெட்டியை மாற்றி வைத்துவிட்டு வருகின்றனர். அவ்வுழைப்பு இழிவன்று. ஆயினும் அப்பெட்டி ஏன் எழவில்லை என்று அறிந்தவருக்குக் கிடைக்கும் ஊதியம் வேறு, மதிப்பும் வேறு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவைக் கடக்கும் படிகளுள் ஒன்றே இன்று நாம் பேசவிருப்பது.

கருவி எழும் வரிசை

மின்சாரம் பாய்ந்தவுடன் லினக்ஸ் நேரே எழுந்துவிடுவதில்லை. முதலில், சில்லுக்குள்ளேயே அழிக்கவொண்ணாதபடி எழுதப்பட்ட சிறு நிரல் இயங்குகிறது. அதனைப் பூட் ரோம் என்பர். அது மெமரி கார்டிலோ உள் நினைவகத்திலோ இருந்து பூட்லோடரை எடுத்து இயக்குகிறது. பல கருவிகளில் பூட்லோடர் இரு கட்டமாக வரும். முதற்கட்டம் மிகச் சிறியது. பெரிய நினைவகத்தைத் தயார் செய்து இரண்டாம் கட்டத்தை அழைப்பது அதன் வேலை. இரண்டாம் கட்டம் கெர்னலை நினைவகத்தில் ஏற்றி, பொறுப்பினை அதனிடம் ஒப்படைத்துவிட்டு மறைந்துவிடுகிறது.

இதனை நமது பள்ளியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். காலையில் காவலர் வந்து வாயிற்கதவைத் திறக்கிறார். தலைமையாசிரியர் வந்ததும், “இன்று அலுவலகம் இரண்டாம் எண் அறையில்” என்று எழுதிய சீட்டினைக் கையில் கொடுக்கிறார். அத்துடன் காவலரின் பணி முடிந்தது. தலைமையாசிரியர் அவ்வறைக்குச் சென்றால்தான் பதிவேடுகளும் மணியும் கைக்குக் கிடைக்கும், பள்ளியும் நடக்கும். இங்குக் காவலர் என்பது பூட்லோடர். தலைமையாசிரியர் என்பது கெர்னல். அலுவலக அறை என்பது ரூட் பிரிவு. சீட்டில் அறை எண் தவறினால், எவ்வளவு திறமையுடைய தலைமையாசிரியராயினும் தாழ்வாரத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

நினைவகத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து வைப்பதைப் பார்ட்டிஷன், அதாவது பிரிவு என்கிறோம். அவற்றுள் லினக்ஸின் கோப்புகள் அனைத்தும் தொங்கும் மரத்தின் வேர் எதில் உள்ளதோ அதுவே ரூட் பிரிவு. கெர்னல் அப்பிரிவைக் கண்டு ஏற்றிக்கொண்டு, அதிலுள்ள ‘இனிட்’ என்னும் முதல் நிரலை இயக்குகிறது. மற்றெல்லாம் அதன் பின்னரே.

யூ-பூட்

எம்பெடட் கருவிகளில் பெரிதும் வழங்கும் பூட்லோடர் யூ-பூட் என்பதாகும். ஜெர்மனியைச் சேர்ந்த வோல்ஃப்காங் டெங்க் என்பார் பவர்பிசி வகைச் சில்லுகளுக்கென உருவாக்கிய பிபிசிபூட் என்னும் நிரல், பிற சில்லுகளுக்கும் விரிந்தமையால் 2002ஆம் ஆண்டில் யூ-பூட் என்று பெயர் மாறியது. ஜெர்மன் மொழியில் அச்சொல் நீர்மூழ்கிக் கப்பலைக் குறிக்கும். கண்ணுக்குத் தெரியாமல் அடியில் இயங்குவதற்குப் பொருத்தமான பெயர்தான். டெங்க் அவர்கள் 2022ஆம் ஆண்டு மறைந்தார். அவர் தொடங்கிய பணியைப் பல நாட்டினரும் தொடர்ந்து செய்து வருகின்றனர்.

இளைஞர்கள் இங்கு ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். லினக்ஸ் கெர்னலும் யூ-பூட்டும் ஜி.பி.எல். என்னும் உரிமத்தின்கீழ் வழங்கப்படுபவை. அவற்றின் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். நீ யார், எவ்வூர், யார் பிள்ளை என்று கேட்போர் அங்கு இல்லை. ஏடுகள் நமக்கு எட்டாத இடத்தில் வைக்கப்பட்டிருந்த காலத்தின் வரலாற்றை அறிந்த நமக்கு, இத்திறந்த ஏட்டின் அருமை நன்கு விளங்கும். திறந்திருக்கும் ஏட்டைப் படியாதிருப்பின், அக்குறை நம்முடையதே ஆகும்.

சீட்டில் எழுதுவது எங்ஙனம்?

இனிச் செய்முறைக்கு வருவோம். பலகையையும் நம் கணினியையும் யு.எஸ்.பி. சீரியல் கேபிளால் இணைக்க வேண்டும். மூன்று கம்பிகளே போதும்: ஒன்று தரைக்கம்பி, ஒன்று அனுப்புவது, ஒன்று பெறுவது. பலகையின் அனுப்பும் முனை, கேபிளின் பெறும் முனையோடு குறுக்காகச் சேர வேண்டும். பல பலகைகளில் இம்முனைகள் 3.3 வோல்ட் அளவே தாங்குவன. 5 வோல்ட் கேபிளைச் செருகினால் சில்லு கெடும். வேகம் பெரும்பாலும் 1,15,200 என்று அமைந்திருக்கும். இணைத்து மின்சாரம் கொடுத்தால் எழுத்துகள் ஓடத் தொடங்கும். எண்ணிக்கை இறங்கிக்கொண்டிருக்கும் சில நொடிகளுக்குள் ஏதேனும் ஒரு விசையைத் தட்டினால், யூ-பூட் நின்று நம் கட்டளைக்குக் காத்திருக்கும்.

அங்கு முதலில் இட வேண்டிய கட்டளை ‘பிரிண்ட்என்வ்’. யூ-பூட் தன் நினைவில் வைத்திருக்கும் மாறிகள் அனைத்தையும் அது காட்டும். அவற்றுள் இரண்டு முதன்மையானவை. ‘பூட்சிஎம்டி’ என்பது தானாக எழும்போது செய்ய வேண்டிய செயல்களின் வரிசை. ‘பூட்ஆர்க்ஸ்’ என்பது கெர்னலிடம் கொடுக்கப்படும் சீட்டு. அச்சீட்டில் ‘ரூட்=/டெவ்/எம்எம்சிபிஎல்கே0பி2’ என்று காணப்பட்டால், முதலாவது மெமரி சாதனத்தின் இரண்டாம் பிரிவே ரூட் பிரிவு என்பது பொருள். சாதனங்களை எண்ணுதல் 0 முதலும், பிரிவுகளை எண்ணுதல் 1 முதலும் தொடங்குவதை மனத்தில் இருத்துக.

‘பார்ட் லிஸ்ட் எம்எம்சி 0’ என்னும் கட்டளையால் என்னென்ன பிரிவுகள் உள்ளன என்று காணலாம். ‘எல்எஸ்’ கட்டளையால் ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் நுழைந்து கோப்புகளைப் பார்க்கலாம். பார்த்து உறுதி செய்த பின்னரே ‘செட்என்வ்’ கட்டளையால் சீட்டினை மாற்ற வேண்டும். ‘செட்என்வ்’ செய்யும் மாற்றம் தற்காலிக நினைவில் மட்டுமே நிற்கும். மின்சாரத்தை நிறுத்தினால் பழைய நிலை திரும்பிவிடும். ‘சேவ்என்வ்’ என்று கட்டளையிட்டால்தான் அது நிலைபெறும். ஆகவே, முதலில் சேமியாமல் சோதித்து, கருவி முறையாக எழுவதைக் கண்ட பிறகே சேமிப்பது அறிவுடைமை. பலகையில் எழுதிப் பார்த்துச் சரியான பின்னரே குறிப்பேட்டில் எழுதும் மாணவனைப் போல நடந்துகொள்ள வேண்டும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. பிரிவின் எண்ணை ‘ஸ்லாட்’ என்னும் தனி மாறியில் வைத்து, சீட்டை எழுதும் கட்டளைக்குள் அம்மாறியைப் பயன்படுத்தினால், எதிர்காலத்தில் ஓர் எண்ணை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் அக்கட்டளையை ஒற்றை மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். இரட்டை மேற்கோள் குறிக்குள் எழுதினால், அப்போதைக்கு ஸ்லாட்டில் இருந்த எண்ணே நிரந்தரமாகப் பதிந்துவிடும். பின்னர் ஸ்லாட்டை மாற்றியும் பயன் விளையாது.

எண்ணா, அடையாளமா?

காவலர் ‘முதல் கட்டடம்’ என்று அழைப்பதைத் தலைமையாசிரியர் ‘இரண்டாம் கட்டடம்’ என்று எண்ணியிருந்தால் என்ன ஆகும்? யூ-பூட் எண்ணும் வரிசையும் கெர்னல் எண்ணும் வரிசையும் எப்போதும் ஒன்றாயிருக்கும் என்ற உறுதி இல்லை. சில பலகைகளில், பழைய கெர்னல் பதிப்புகளில், மெமரி கார்டு செருகியிருந்தால் உள் நினைவகத்துக்கு ஓர் எண்ணும், செருகாவிடில் வேறோர் எண்ணும் வருவதுண்டு.

இக்குழப்பத்தைத் தவிர்க்கும் வழி, எண்ணுக்குப் பதிலாகப் பிரிவின் நிலையான அடையாளத்தைச் சீட்டில் எழுதுவதாகும். அதனைப் பார்ட்-யூ.யூ.ஐ.டி. என்பர். ‘பார்ட் யூயூஐடி’ என்னும் கட்டளை அதனைக் கண்டறிந்து தரும். இதனைப் போலவே ஒலிக்கும் யூ.யூ.ஐ.டி. என்பது வேறு, அது பிரிவுக்குள் இருக்கும் கோப்பு முறையின் அடையாளம். கெர்னல் தானே நேரடியாக அறிந்துகொள்வது பார்ட்-யூ.யூ.ஐ.டி. ஒன்றையே. மற்றதை அறிய, இனிட்ராம்எஃப்எஸ் எனப்படும் துணைத் தொகுதி வேண்டும். பெயரில் உள்ள ‘பார்ட்’ என்னும் சிறு சொல்லை விட்டதனால் எழாமற்போகும் கருவிகள் உண்டு.

பிழை பேசும் மொழி

கருவி எழாவிடில் திகைக்க வேண்டா. சீரியல் திரையில் வரும் கடைசி வரிகளைப் படிக்க வேண்டும். பிழைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பொருளைச் சொல்கின்றன.

ரூட் கோப்பு முறையை ஏற்ற இயலவில்லை என்று கூறி, அடைப்புக்குறிக்குள் 0,0 என்று எண்கள் வந்தால், கெர்னலுக்கு அச்சாதனமே தெரியவில்லை என்று பொருள். அதற்குரிய டிரைவர் கெர்னலில் இல்லாதிருக்கலாம். பெயர் பிழையாக இருக்கலாம். சாதனம் விழிக்கும் முன்னரே கெர்னல் தேடியிருக்கலாம். எண்கள் 179,3 என்று வந்தால், சாதனம் கிடைத்தது, மூன்றாம் பிரிவும் கிடைத்தது, ஆனால் அதனுள் கெர்னல் அறிந்த கோப்பு முறை இல்லை என்று பொருள். 179 என்பது மெமரி கார்டு வகைச் சாதனங்களுக்குரிய எண்ணாகும். இனிட் கிடைக்கவில்லை என்று வந்தால், அறை திறந்தது, உள்ளே ஆள் இல்லை என்று கொள்க. பிரிவு காலியாகவோ அரைகுறையாக எழுதப்பட்டோ இருக்கும்.

சாதனம் விழிக்கத் தாமதமாகும் என்பதற்காகச் சீட்டில் ‘ரூட்வெய்ட்’ என்று சேர்ப்பது வழக்கம். இது நன்மையே; ஆனால் பிரிவின் எண் தவறாயிருந்தால், வாராத பேருந்துக்குக் காத்திருப்பாரைப் போலக் கெர்னல் முடிவின்றிக் காத்திருக்கும். அப்போது பிழைச்செய்தியும் வாராது. ‘ரூட் சாதனத்திற்காகக் காத்திருக்கிறோம்’ என்னும் பொருளுள்ள ஒரே வரிதான் நிற்கும். அவ்வரியைக் கண்டால் எண்ணைச் சரிபார்க்க வேண்டும் என்று உணர்க.

பழைய வீட்டைப் பிரிக்காதே

இதுகாறும் கூறியது நம் மேசைமேல் உள்ள பலகைக்குப் பொருந்தும். ஆனால் கருவி மலைமேல் உள்ள கோபுரத்திலோ, நூறு கல் தொலைவில் உள்ள வயலின் நடுவிலோ இருந்தால்? புதிய மென்பொருளைத் தொலைவிலிருந்தே அனுப்பி எழுத வேண்டும். எழுதும்போது மின்சாரம் போனால், ஒரே ரூட் பிரிவுடைய கருவி செங்கல்லாகிவிடும். ஆள் ஒருவர் நேரில் சென்றாக வேண்டும்.

புது வீட்டில் அடுப்பு எரியும்வரை பழைய வீட்டின் கூரையைப் பிரிக்கலாகாது என்பது நம் பெரியோர் அறிந்த நெறி. அந்நெறியே இங்கும் பின்பற்றப்படுகிறது. நினைவகத்தில் இரண்டாம் பிரிவை ‘அ’ என்றும், மூன்றாம் பிரிவை ‘ஆ’ என்றும் வைத்து, இரண்டிலும் முழு இயங்குதளத்தை வைக்கலாம். பயனரின் தரவுகளை நான்காம் பிரிவில் தனியே வைத்தால், இயங்குதளத்தை மாற்றும்போது அவை அழியமாட்டா. கெர்னலையும் அந்தந்தப் பிரிவுக்குள்ளேயே வைப்பது நலம். ‘அ’வின் கெர்னலும் ‘ஆ’வின் கோப்புகளும் கலந்தால், கெர்னலின் பதிப்புக்கு ஏற்ற துணை நிரல்கள் கிடைக்காமல் வைஃபை முதலியன இயங்காமற்போகும்.

கருவி ‘அ’விலிருந்து இயங்கும்போது புதியதை ‘ஆ’வில் எழுதுகிறது. எழுதி முடித்துச் சரிபார்த்தபின், லினக்ஸிலிருந்தே ‘எஃப்டபிள்யூ_செட்என்வ்’ என்னும் கட்டளையால் யூ-பூட்டின் ஸ்லாட் மாறியை 3 என்று மாற்றி, ‘அப்கிரேட்_அவெய்லபிள்’ என்பதை 1 என்றும், ‘பூட்கவுண்ட்’ என்பதை 0 என்றும் வைத்து மறுதொடக்கம் செய்கிறது. இவ்வசதியோடு உருவாக்கப்பட்ட யூ-பூட், எழும் ஒவ்வொரு முறையும் பூட்கவுண்ட்டை ஒன்று கூட்டும். ‘பூட்லிமிட்’ 3 என்று வைத்திருந்தால் மூன்று முறை முயலும். நான்காம் முறை எண்ணிக்கை வரம்பை மீறுவதால், வழக்கமான பூட்சிஎம்டியை விடுத்து ‘ஆல்ட்பூட்சிஎம்டி’ என்னும் மாற்று வரிசையை இயக்கும். அதில் ஸ்லாட்டை மீண்டும் 2 ஆக்கும் கட்டளையை நாம் முன்னரே எழுதி வைத்திருக்க வேண்டும். கருவி தானே பழைய வீட்டுக்குத் திரும்பிவிடும்.

புதியது நன்கு இயங்கினால், இணைப்பும் பணிகளும் சரியாக உள்ளன என்று சோதித்த பின்னர், லினக்ஸே அப்கிரேட்_அவெய்லபிளையும் பூட்கவுண்ட்டையும் 0 ஆக்க வேண்டும். இச்சோதனையை எப்போது நிகழ்த்துவது என்பதில்தான் பொறியாளரின் பொறுப்பு தெரியும். எழுந்த மறுநொடியே ‘எல்லாம் நலம்’ என்று குறித்துவிட்டால், வலைத்தொடர்பு கிடைக்காத கருவியும் தேறியதாகிவிடும். தேர்வு எழுதும் முன்னரே தேர்ச்சி போட்டதற்கு அது ஒப்பாகும்.

இன்னொரு பாதுகாப்பும் தேவை. கெர்னல் நிலைகுலைந்து நின்றுவிட்டால் யார் மறுபடி எழுப்புவது? சீட்டில் ‘பேனிக்=10’ என்று எழுதினால், நிலைகுலைந்த 10 நொடியில் தானே மறுதொடக்கம் செய்யும். ஆனால் முன்னர்க் கூறியவாறு ரூட்வெய்ட்டில் முடிவின்றிக் காத்திருந்தால் இது உதவாது. அந்நிலையில் கைகொடுப்பது வாட்ச்டாக் என்னும் சுற்று. குறித்த நேரத்துக்குள் தட்டிக்கொடுக்கப்படாவிடில் அது சில்லையே மீள எழுப்பும். அதனைப் பூட்லோடரிலேயே முடுக்கிவிட்டால்தான் இடையில் எங்கு நின்றாலும் காக்கும். யூ-பூட்டின் மாறிகளையும் இரு படிகளாக வைப்பது வழக்கம். ஒன்று எழுதப்படும்போது மின்சாரம் போனாலும் மற்றது நிற்கும்.

நம் கைப்பேசிகளிலும் இம்முறை நுழைந்துள்ளது. 2016ஆம் ஆண்டு வெளிவந்த ஆண்ட்ராய்டு 7 முதல் இரு பிரிவு முறைக்கு இடம் தரப்பட்டது.

தொடங்குவது எவ்வாறு?

2012ஆம் ஆண்டு இங்கிலாந்தில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த ராஸ்பெர்ரி பை பலகை, கற்போர்க்கென்றே உருவாக்கப்பட்டது. அது தனக்குரிய பூட்லோடரைக் கொண்டது, யூ-பூட் கட்டாயமில்லை. மெமரி கார்டின் முதற்பிரிவில் உள்ள ‘சிஎம்டிலைன்’ என்னும் உரைக்கோப்பே அதன் சீட்டு. கார்டை வேறு கணினியில் செருகி அந்த ஒரே வரியைத் திறந்து பாருங்கள், பார்ட்-யூ.யூ.ஐ.டி. அங்குக் கண்ணுக்குத் தெரியும். ‘ஆட்டோபூட்’ என்னும் மற்றொரு கோப்பினால் எந்தப் பூட் பிரிவிலிருந்து எழுவது என்பதைக் குறிக்கலாம். ‘ட்ரைபூட்’ என்று சொல்லி மறுதொடக்கம் செய்தால், அந்த ஒரு முறை மட்டும் புதிய பிரிவைச் சோதித்துப் பார்க்கும். தவறினால் அடுத்த முறை பழையதற்கே திரும்பும்.

கற்கும்போது மூன்று பழக்கங்களைக் கைக்கொள்ள வேண்டுகிறோம். முதலாவது, எதனையும் மாற்றும் முன் பிரிண்ட்என்வ் காட்டும் அனைத்தையும் கோப்பாகச் சேமித்து வைத்தல். இரண்டாவது, பொருள் அறியாக் கட்டளையை எவர் தந்தாலும் இடாதிருத்தல். ஓர் எண் மாறினால் வேறொரு பிரிவு அழியும். மூன்றாவது, தம் பலகையிலேயே பயிலுதல். பிறர் கருவியின் பூட்லோடரை அவர் இசைவின்றித் தொடுவது முறையன்று.

இளைஞர்களே! சென்னையிலும் பெங்களூருவிலும் இத்தொழிலுக்கு ஆள் எடுப்போர், மின்சாரம் கொடுத்தது முதல் இனிட் எழுவது வரை நிகழ்வதைச் சொல் என்று கேட்பதுண்டு. ஐ.டி.ஐ. படித்தவராயினும், டிப்ளமோ படித்தவராயினும், பட்டதாரியாயினும், அவ்வினாவிற்குத் தடையின்றி விடை கூறுவோர் நம் பிள்ளைகளுள் பலராக வேண்டும். கழகத்தின் படிப்பகத்தில் ஒரு பலகையும், ஒரு சீரியல் கேபிளும், இரண்டு மெமரி கார்டுகளும் வைக்கப்படுமாயின், ஞாயிறுதோறும் வந்து உடனிருந்து கற்பிக்க நாம் ஆயத்தமாக உள்ளோம். பத்துப் பேர் வந்தாலும் போதும். அவர்கள் அடுத்த ஆண்டு நூறு பேர்க்குக் கற்பிப்பர். பெண் பிள்ளைகளையும் தவறாது அனுப்பிவைக்குமாறு தாய்மார்களை வேண்டிக்கொள்கிறோம்.